வளைந்த பின்சக்கரம்

வரிச்சிக்குடி,
கார்த்திகை 22.

என் அன்புக் கணவர் நவநீதன் அவர்களுக்கு, உங்கள் சிவப்ரியா எழுதிக்கொள்வது.

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை ஆரம்பித்ததும் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துத் தேய்த்து இப்போது வாசல்வரை நடக்கிறார்கள். என்னைக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது. நித்யஸ்ரீ செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். சம்பா பயிர் பரவாயில்லை, தெற்கு வயலில் மட்டும் நான்கு நாள் தண்ணீர் நின்று கொஞ்சம் பழுத்துவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மூன்று தடவை போனில் ஆரம்பித்தேன். வண்டி என்று நான் வாயெடுத்ததும் ஒருமுறை சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்றீர்கள். ஒருமுறை சிக்னல் இல்லை என்றீர்கள். மூன்றாவது முறை ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதி, உறையை ஒட்டி, மேலத்தெரு சிவராமனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் லீவு முடிந்து வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். நித்யஸ்ரீயின் ஜாதகம் உள்ளே இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்தான். இந்த வருஷம் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது.

போன மார்கழியில் அந்தப் பனிக்காலையில் மதகுப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீங்கள் எனக்குச் சொல்லாததை நான் உங்களுக்குச் சொல்கிறேன். கோபம் வந்தால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் முழுக்கப் படியுங்கள்.

நான் சைக்கிளில் வேலைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் பெண்டாட்டி சைக்கிள் மிதிக்கிறாள் என்று ஊர் பேசும் என்றீர்கள். ஊர் பேசத்தான் செய்தது, ஒரு வாரம். பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் என்ன செய்வது? காலையில் ஒரு பஸ் சீக்கிரம் வந்து போய்விடுகிறது, அடுத்தது வந்தால்தான் நிச்சயம். பத்திரம் எழுதுகிற ஆபீஸில் பத்து மணிக்கு மேல் டைப் அடிக்க உட்கார்ந்தால் முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் மோட்டார் வண்டியோ மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. நான் வரும்வரை யாரும் தொடக் கூடாது, மெக்கானிக்கிடமும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நித்யஸ்ரீக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் சும்மாதான் கிடந்தது. வைகாசி மாதம் காற்றடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் பத்து நாள் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பீர்கள். நாற்பத்திரண்டு வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏழு கிலோமீட்டர். ஆபீஸுக்குப் போனதும் கூட வேலை பார்க்கும் நௌஷின் எனக்கு ஃபேன் போட்டுவிட்டு, அக்காவுக்கு ஒரு லிட்டர் ரத்தம் ஏற்றுங்கள் என்று கேலி செய்வாள். ஆனால் ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிட்டது. தொடை வலி போயிற்று. பிடித்துக்கொண்டிருந்த இடுப்பு நேராயிற்று. எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த வீட்டு நாய் துரத்தும், எது குரைப்பதோடு சரி, எல்லாம் மனப்பாடம். இத்தனை வருஷம் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதே ரோட்டில் போய் வந்தவள்தான். ஆனால் அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டியில் போனால் ஒரு மனுஷரைக் கடக்க ஒரு நொடி. சைக்கிளில் அப்படி இல்லை. அவர் முதுகு தெரியும், நெருங்க நெருங்க அவர் தோளில் கிடக்கும் துண்டு தெரியும், மணி அடித்தால் திரும்பிப் பார்ப்பார், முகம் தெரியும். கடந்த பிறகும் ரொம்ப தூரத்துக்கு அவர் இருமுவது கேட்கும். தினமும் பார்க்கிற முகமென்றால் சிரிக்காமல் போக முடியாது. இப்படித்தான் எனக்கு இந்த ரோட்டில் இருபது முப்பது பேர் பழக்கம். அவர்களில் ஒருவர் கமலாம்பாள்.

ஆனி மாதம் மேல்காற்று பேயாக அடிக்கும் அல்லவா. காலையில் போகும்போது முதுகில் தள்ளிவிடும். சாயங்காலம் கோட்டுச்சேரியிலிருந்து நம் ஊருக்குத் திரும்பினால் மார்பில் கையை வைத்து நிறுத்தும். அப்படி ஒரு சாயங்காலம் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கண்ணை மூடினேன். ரோட்டு விளிம்பில் சக்கரம் இறங்கி, கோட்டுச்சேரி முக்கில் டீக்கடைக்கு எதிரே விழுந்தேன். கடையில் நின்ற ஒருவன் சும்மா இருக்கலாமா? பொம்பளையும் கடைக்குப் போய் ஒன்று போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நம் பக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. எல்லை தாண்டி வந்து இங்கே மலிவாகக் கிடைப்பதைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள் வழியெல்லாம் விழுந்து கிடக்கிறார்கள். அதனால் ரோட்டோரம் எவர் விழுந்து கிடந்தாலும் நம் ஆட்களுக்கு ஒரே காரணம்தான்.

அப்போது மரத்தடியில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து ஓடிவந்து என்னைத் தூக்கினாள். தூக்கிவிட்டு அந்த ஆளைப் பார்த்து அவள் பேசிய பேச்சை நான் எழுதமாட்டேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு என் சேலை மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதாள். விழுந்தது நான், அழுதது அவள். அதுதான் கமலாம்பாள். கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குப்பத்துக்காரி. இந்தக் காற்றுக்கு அவர்கள் கச்சான் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பதை அவள்தான் சொன்னாள். கச்சான் அடிக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி மிதிக்கக் கூடாது, தலையைக் குனிந்துகொள் என்றாள். தன் வீட்டுக்காரர் அப்படித்தான் மிதிப்பார் என்றாள்.

வீட்டுக்காரர் பெயர் சிங்காரவேலு. உங்களுக்கு அந்தப் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அவர் விடிவதற்கு முன்பே கரையில் மீன் எடுத்து, சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டி, நம் ஊர் வழியாக நெடுங்காடு வரை விற்றுக்கொண்டு போவாராம். நாமே அவரிடம் வாங்கியிருக்கிறோம். அத்தை பேரம் பேசி அழவைப்பார்களே, நெற்றியில் பெரிய தழும்போடு ஒருவர், அவர்தான். முன்பு நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவர். மகள் தீபாவுக்கு ஆறு வயதானபோது, ஊர்க் கோயிலில் பஞ்சாயத்தார் முன்னால், அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாராம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் தொடவில்லை.

மார்கழி இருபத்திரண்டாம் தேதி காலை ஆறரை மணிக்குப் பால்காரர் அவரை மதகுப் பக்கம் வாய்க்காலில் பார்த்தார். அவர் மேல் சைக்கிள், சுற்றிலும் மீன், பக்கத்தில் உடைந்த பிராந்தி பாட்டில். அந்த மதகில் எந்தக் காலத்தில் பாட்டில் இல்லாமல் இருந்திருக்கிறது? அன்று பார்த்தவர்களுக்கு அது தோன்றவில்லை. சிங்காரவேலு மறுபடி ஆரம்பித்துவிட்டான், போதையில் விழுந்துவிட்டான் என்று பேச்சு அவருக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. காகிதத்திலும் அப்படித்தான் ஏறியது. அவர் பதினொரு நாள் கிடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தை நாலாம் தேதி போய்விட்டார்.

இந்தக் கதையைக் கமலாம்பாள் சொன்னபோது நான் அவளோடு சேர்ந்து அழுதேன். அழுதபோது எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மார்கழி இருபத்திரண்டு என்ற தேதிகூட மனதில் உறைக்கவில்லை.

அவள் கூடையைத் தலையில் வைத்து அத்தனை ஊரும் நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சைக்கிள் இருக்கிறதே, நான் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஆவணியில் ஆரம்பித்தேன். அந்தச் சனியனைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்றாள். வீட்டுக்குப் பின்னால் காட்டாமணக்குப் புதரில் அவர் தம்பி கொண்டுவந்து போட்ட இடத்திலேயே அது துருப்பிடித்துக் கிடந்தது. நான் விடவில்லை. என் புத்தி அப்படி, நல்லது செய்கிறேன் என்று ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. புரட்டாசி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நானே அதை எடுத்து, உருளாத சக்கரத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு, கோட்டுச்சேரி சைக்கிள் கடைத் திருஞானசம்பந்தத்திடம் கொண்டுபோனேன்.

அவர் அதைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரம் அழகாகச் சுற்றியது. பின்சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மட்கார்டு நசுங்கி டயருக்குள் போயிருந்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "குடிச்சிட்டு விழுந்தா முன்சக்கரந்தாம்மா போவும். இது பின்னாடிலேருந்து வாங்குன அடி. எதுவோ வேகமா வந்து ஏத்தியிருக்கு."

பேசிக்கொண்டே கேரியர் கம்பிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிக்கியிருந்த எதையோ திருப்புளியால் நெம்பிக் கீழே போட்டார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சில்லு. வண்டிகளில் பக்கத்துக்கு ஒன்றாக மின்னுமே, அந்த விளக்கின் மூடி. என் கட்டைவிரல் அளவு. அவர் பார்க்காதபோது அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் வீட்டுக்கு மிதித்து வரும்போது, நீங்கள் வண்டியைத் தொடாதே என்று சொன்ன குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்தேன். இடப்பக்கத்து விளக்கு உடைந்திருந்தது. சில்லை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. எஞ்சினுக்குக் கீழே, கையெட்டாத மூலையில், மீன் செதில்கள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் அன்று காலை வண்டியை நன்றாகத்தான் கழுவினீர்கள். அங்கே மட்டும் கை போகவில்லை.

மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உங்கள் தங்கை வீட்டுக்காரரை முதல் பஸ் ஏற்றிவிட இருட்டோடு போனீர்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்து, பனியில் கண் தெரியவில்லை, திருப்பத்தில் மணலில் சறுக்கிவிட்டது என்றீர்கள். உங்கள் முழங்கைக்கு மருந்து போட்டது நான். எரிகிறதா எரிகிறதா என்று ஊதிவிட்டது நான். அந்தப் பொங்கலுக்கு நீங்கள் ஒரு கரண்டி பொங்கல்கூட உள்ளே இறக்கவில்லை. பித்தம் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மாசி பத்துக்குப் போட்டிருந்த டிக்கெட்டை மாற்றித் தை ஆறாம் தேதி கிளம்பினீர்கள். கம்பெனியில் அவசரம் என்றீர்கள். தை நாலாம் தேதி அவர் போனார்.

உங்களைத் திட்டத்தான் முதலில் நினைத்தேன். மனதுக்குள் திட்டினேன், நிறையத் திட்டினேன். பிறகு உங்களுக்காகச் சாக்குத் தேட ஆரம்பித்தேன். பனி. இருட்டு. அவர் சைக்கிளில் பின்விளக்கு இல்லை. அவர்தான் குறுக்கே வந்திருப்பார். இப்படி ஒரு வாரம் தேடினேன். அந்தச் சாக்கும் சைக்கிளில்தான் உடைந்தது. மாட்டுக்குத் தவிட்டு மூட்டை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் பாரம் இருந்தால் முன்சக்கரம் தரையில் நிற்காது, ஹேண்டில் குழந்தை மாதிரித் துள்ளும். அதை வைத்துக்கொண்டு யாரும் குறுக்கே திரும்ப முடியாது. ஓரமாக ஒரே கோட்டில் போவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. நமக்குக் கேட்கத்தான் செய்யும், திரும்பிப் பார்க்க முடியாது. அவன் பார்த்திருப்பான், விலகிப் போய்விடுவான் என்று நம்பி மிதிக்க வேண்டியதுதான். அன்று வண்டியில் வந்த பையன் விலகிப் போய்விட்டான். நான் மதகில் இறங்கி, மூட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உங்களையும் நம்பித்தானே அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியது நடந்து முடிந்தது. இனி எழுதுவது நடந்துகொண்டிருப்பது. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

கமலாம்பாள் வீட்டில் சிங்காரவேலுவின் படம் கிடையாது. எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். ஆடி அமாவாசைக்கு ஊரே கடற்கரைக்குப் போனது, அவள் போகவில்லை. வருகிற தை நாலாம் தேதி தலைத்திவசம். செய்யமாட்டேன் என்கிறாள். அவர் தம்பி வந்து கெஞ்சினாராம். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எம்புள்ள தல மேல அடிச்ச சத்தியத்த முறிச்சவருக்கு நான் எதுக்கு எல போடணும்? குடிக்கணும்னா என்னக் கொன்னுட்டுக் குடிச்சிருக்கலாம்ல. புள்ளயயில்ல பணயம் வச்சிருக்காரு."

புரிகிறதா உங்களுக்கு? பிள்ளை தலையில் செய்த சத்தியம் முறிந்தால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்று அவர்கள் பக்கம் நம்பிக்கை. நம் பக்கம் மட்டும் என்ன, அத்தையிடம் கேட்டால் அதையேதான் சொல்வார்கள். தீபாவுக்குப் பதிமூன்று வயது. ஐப்பசியில் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது காய்ச்சல். அவளுக்கு மட்டும் சத்தியம். கமலாம்பாள் மூன்று கோயிலுக்கு ஓடினாள், பிள்ளையின் கையிலும் காலிலும் கயிறு கட்டினாள். காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. ரோட்டைக் கடக்கக் கூடாது, கடல் பக்கம் போகக் கூடாது, கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, மரத்தடியில் அம்மா பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கமலாம்பாள் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தீபாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் என் பெல்லை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, நிமிராமல் கேட்டாள்: "அக்கா, அப்பா ஒரே ஒரு தடவதான குடிச்சாங்க. ஒரு தடவைக்கும் பலிச்சிருமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நேரமாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் அப்பா குடிக்கவே இல்லையம்மா என்ற நான்கு வார்த்தை என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பதில் நம் கொட்டகையில் நிற்கிறது. நான் உங்கள் பெண்டாட்டி, நித்யஸ்ரீயின் அம்மா. அந்தப் பிள்ளையைப் பயத்தோடு விட்டுவிட்டு, என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். அன்று காற்றே இல்லை. ஆனாலும் நம் வீட்டுக்கு வந்து சேர முடியவில்லை, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

இரண்டு மாதமாக இந்த வெட்கத்தோடு கமலாம்பாளைக் கடந்து போகிறேன், வருகிறேன். பஸ்ஸில் போகலாம் என்று பார்த்தேன். பஸ் அந்த முக்கில்தான் நிற்கிறது. அவள் ஜன்னல் பக்கம் வந்து, ஏன் சைக்கிள் இல்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டு, காகிதத்தில் சுற்றிய நாலு நெத்திலியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதை அத்தை பொரித்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

உங்களைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. பத்தொன்பது வருஷம் கூட இருந்தவள். பாம்பை அடிக்கக்கூட மனம் வராமல் கோலால் தள்ளிவிடுகிறவர் நீங்கள். போன வாரம் நௌஷின் ஏதோ பேச்சில் சொன்னாள், பொங்கலுக்கு மறுநாள் அண்ணனை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தார், கூப்பிடுவதற்குள் திரும்பிப் போய்விட்டார் என்று. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வாசல்வரை போயிருக்கிறீர்கள். உள்ளே போக முடியவில்லை. அந்த ஆரஞ்சை என்ன செய்தீர்கள்? வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அந்த வாசல்வரை போன மனுஷரை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நடக்கும் என்று யோசிக்காமல் எழுதவில்லை. போலீஸ், கோர்ட்டு எல்லாம் இருக்கிறது. நித்யஸ்ரீக்கு வரன் பார்க்கும்போது ஊர் இதைத்தான் முதலில் சொல்லும். அத்தை தாங்குவார்களா என்று தெரியவில்லை. கமலாம்பாள் என் முகத்தில் காறித் துப்பலாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. இது எல்லாவற்றையும் ஒரு பக்கமும், அந்தப் பிள்ளை தலை குனிந்துகொண்டு கேட்டதை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை பக்கம்தான் இறங்குகிறது.

அதனால் கேட்கிறேன். தை நாலுக்கு முன்னால் வாருங்கள். டிக்கெட்டை ஒருமுறை மாற்றினீர்கள், இன்னொரு முறையும் மாற்றலாம். கோட்டுச்சேரிமேட்டுக்கு நாம் இரண்டு பேரும் போவோம். அந்த வீட்டு வாசலில் நீங்கள் ஒன்று மட்டும் சொன்னால் போதும், அவர் குடிக்கவில்லை, நான்தான் இடித்தேன் என்று. அவர்கள் என்ன செய்தாலும் நான் உங்கள் பக்கத்தில்தான் நிற்பேன். அங்கிருந்து நீங்கள் எங்கே போக வேண்டியிருந்தாலும் சோறு கொண்டுவருகிறவள் நான்.

நீங்கள் வராவிட்டால் நானே போய்ச் சொல்லிவிடுவேன். மிரட்டுவதாக நினைக்காதீர்கள். திருஞானசம்பந்தத்திடம் அந்தப் பழைய சக்கரத்தை எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார், சும்மாதான் என்றேன். ஆனால் நான் போய்ச் சொன்னால் அது காட்டிக்கொடுத்ததாக இருக்கும். நீங்கள் வந்து சொன்னால் வேறு. அந்த வித்தியாசம் அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் மூன்று தடவை போன் எடுத்தேன். நீங்கள் அடித்தது ஐந்தரை மணிக்கு இருக்கும். பால்காரர் பார்த்தது ஆறரைக்கு. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம், முழுக்கச் சொல்லவில்லையாம். நான் விழுந்தபோதெல்லாம் சைக்கிள்காரர்கள் நின்றிருக்கிறார்கள், வண்டிக்காரர்கள் நின்றதில்லை. நீங்கள் நின்றீர்களா? இறங்கிக் கிட்டே போனீர்களா? அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? நாம் மீன் வாங்குகிறவர்தான் என்று தெரிந்ததா? இதை அவளிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள்.

அத்தை உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். நித்யஸ்ரீ ஜெர்கின் கேட்டாள், அதெல்லாம் ஒன்றும் வாங்க வேண்டாம். பெட்டியில் எதையும் அடைத்துக்கொண்டு வராதீர்கள். நீங்கள் வந்தால் போதும். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அடுத்ததாக உங்களைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆயுசோடும் தைரியத்தோடும் வந்து சேருங்கள்.

ஒரு நிமிஷமாவது நின்றேன் என்று சொல்லிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
சிவப்ரியா